‘பில் போடு’ என்றால் ஏஜென்ட் எதைப் போடும்?

“கோயம்புத்தூர் பார்ட்டிக்கு நேத்து அனுப்பின சரக்குக்கு பில் போட்டுடு” என்று ஒரு கணக்கர், கணக்கு மென்பொருளைத் தானே இயக்கும் ஏஐ ஏஜென்ட்டிடம் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுக் கடைத்தெருவில் இதற்கு ஒரே பொருள்தான்: விற்பனை இன்வாய்ஸ். ஆனால் ஸோஹோ புக்ஸ், குவிக்புக்ஸ் ஆகிய கணக்கு மென்பொருள்களில் ‘பில்’ என்ற தலைப்பின் கீழ் இருப்பது, சப்ளையர் நமக்கு அனுப்பிய கொள்முதல் பில். ஏஜென்ட்டின் கையில் ‘கிரியேட்_இன்வாய்ஸ்’, ‘கிரியேட்_பில்’ என்று இரண்டு டூல்கள், அதாவது அது இயக்கக்கூடிய இரண்டு செயல்கள் இருந்து, இரண்டாவதன் விளக்கத்தில் ‘புதிய பில்லை உருவாக்கும்’ என்று மட்டும் இருந்தால், அது இரண்டாவதைத்தான் எடுக்கும். அந்தப் பெயரில் சப்ளையர் இல்லை என்று மென்பொருள் தடுத்தால், புதிதாக ஒரு சப்ளையரை உருவாக்கிவிட்டு மேலே போகும். நமக்குப் பணம் தர வேண்டியவர், நாம் பணம் தர வேண்டியவராகப் பதிவாகிவிடுவார். நாம் கட்ட வேண்டிய வரி, இன்புட் கிரெடிட்டாக, அதாவது நாம் கழித்துக்கொள்ளக்கூடிய வரியாக நிற்கும். மென்பொருள் எந்தப் பிழையும் காட்டாது, ஏனென்றால் பற்றும் வரவும் சமமாகவே இருக்கும்.

இப்படி நடந்தால் பழி, ஏஜென்ட்டை இயக்கும் ஏஐ மாடலின் மேல் விழுகிறது. பெரும்பாலும் கோளாறு இருப்பது டூல் விளக்கத்தில். மாடலுக்குத் தெரிவது மூன்றுதான்: டூலின் பெயர், அதன் விளக்கம், பாராமீட்டர்களின் ஸ்கீமா, அதாவது எந்த விவரத்தை எந்த வடிவில் தர வேண்டும் என்ற பட்டியல். உள்ளே ஓடும் நிரலை அது பார்ப்பதில்லை. மென்பொருளின் திரையோ உதவிப் பக்கமோ அந்தக் கம்பெனியின் வழக்கமோ அதன் கண்ணுக்கு எட்டாது. ஏஐ மாடல்களை வெளி மென்பொருளோடு இணைக்க 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி நெறிமுறை பரவிய பிறகு, கணக்கு மென்பொருளின் ஏபிஐ-யை (மற்ற நிரல்கள் அதோடு பேசும் வழியை) எடுத்து டூல்களாக மாற்றிக் கொடுப்பது மிகச் சுலபமாகிவிட்டது. அப்படி மாற்றும்போது ஏபிஐ ஆவணத்தில் இருந்த ஒற்றை வரியே டூல் விளக்கமாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. அந்த வரி, ஆவணத்தின் மற்றப் பக்கங்களையும் புரட்டிப் பார்க்கும் புரோகிராமருக்காக எழுதப்பட்டது. ஏஜென்ட்டுக்கோ அந்த ஒரு வரிதான் மொத்த ஆவணமும்.

கணக்கு மென்பொருளுக்கு டூல் விளக்கம் எழுதும்போது, ‘இந்த டூல் என்ன செய்யும்’ என்பதைவிட, ‘இதை இயக்கினால் கணக்குப் புத்தகத்தில் என்ன மாறும்’ என்பதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எந்தக் கணக்கு பற்று, எந்தக் கணக்கு வரவு, உடனே லெட்ஜரில் ஏறுமா அல்லது டிராஃப்ட்டாக நிற்குமா, வெளியே யாருக்காவது மின்னஞ்சல் போகுமா, திரும்ப எடுக்க முடியுமா. இவை இல்லாத விளக்கம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அரைகுறைதான். இதைப் புரோகிராமர் தனியாக உட்கார்ந்து எழுதிவிட முடியாது. தினமும் என்ட்ரி போடுகிற ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஒரு டூலை அருகில் வைத்துப் பார்ப்போம்

‘பேமெண்ட்’ என்ற பெயரையே எடுத்துக்கொள்ளலாம். டாலியில் பேமெண்ட் வவுச்சர், அதாவது எஃப்5, நம் கையிலிருந்து பணம் வெளியே போவது. உள்ளே வருவது ரிசீட், எஃப்6. குவிக்புக்ஸ் ஏபிஐ-யில் ‘பேமெண்ட்’ என்பது வாடிக்கையாளர் நமக்குக் கொடுத்த பணம். சப்ளையருக்கு நாம் கொடுப்பதற்கு ‘பில்பேமெண்ட்’ என்று தனிப் பெயர். ஒரே சொல், நேர் எதிரான இரண்டு திசைகள். ஸீரோ என்ற கணக்கு மென்பொருளில் இன்னொரு சிக்கல்: விற்பனை இன்வாய்ஸும் கொள்முதல் பில்லும் ஒரே ‘இன்வாய்ஸ்’ என்ற அமைப்புக்குள் இருக்கின்றன. ‘ஏசிசிரெக்’ என்ற வகை என்றால் நமக்கு வர வேண்டியது, ‘ஏசிசிபே’ என்றால் நாம் தர வேண்டியது. அந்த ஒரு புலத்தை மாடல் ஊகித்து நிரப்பினால் மொத்தமும் தலைகீழ்.

ஆகவே டூலின் பெயரிலேயே திசை தெரிய வேண்டும். ‘கிரியேட்_பேமெண்ட்’ என்று வைக்காமல் ‘ரெக்கார்ட்_கஸ்டமர்_ரிசீட்’, ‘ரெக்கார்ட்_வென்டார்_பேமெண்ட்’ என்று இரண்டாகப் பிரித்து வையுங்கள். பிறகு முதல் டூலுக்கு இப்படி ஒரு விளக்கம் எழுதலாம்:

“வாடிக்கையாளரிடமிருந்து ஏற்கெனவே வந்துவிட்ட பணத்தைப் பதிவு செய்யும். வங்கி அல்லது ரொக்கக் கணக்கு பற்று ஆகும். வாடிக்கையாளர் கணக்கு வரவு ஆகும். இது வங்கியில் பணத்தை நகர்த்தாது, பதிவு மட்டுமே. இன்வாய்ஸ் ஐடிகளைக் கொடுத்தால் அவற்றின் நிலுவை குறையும். கொடுக்காவிட்டால் முழுத் தொகையும் ஒதுக்கப்படாத முன்பணமாக நிற்கும். வாடிக்கையாளர் டிடிஎஸ் பிடித்திருந்தால், வங்கியில் வந்ததை ‘தொகை’யிலும் பிடித்ததை ‘டிடிஎஸ்_தொகை’யிலும் கொடு; வித்தியாசத்தைத் தள்ளுபடியாகப் பதியாதே. சப்ளையருக்குக் கொடுத்த பணத்துக்கு இதைப் பயன்படுத்தாதே, அதற்கு ரெக்கார்ட்_வென்டார்_பேமெண்ட். சொந்த வங்கிக் கணக்குகளுக்கு இடையே மாற்றிய பணத்துக்கும், வங்கியில் ரொக்கம் கட்டியதற்கும் ரெக்கார்ட்_கான்ட்ரா. பதிவு உடனே லெட்ஜரில் ஏறும். வாடிக்கையாளருக்கு ரசீது மின்னஞ்சல் போகாது.”

நீளம்தான். ஆனால் இதில் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு குறிப்பிட்ட தவறைத் தடுக்கிறது. டிடிஎஸ், அதாவது பணம் தருபவரே முன்கூட்டிப் பிடித்துக்கொள்ளும் வருமான வரி பற்றிய வாக்கியத்தை மட்டும் பாருங்கள். தொழில்முறைச் சேவைக்கு ஒரு லட்சம் ரூபாய், அதன் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி, ஆக இன்வாய்ஸ் 1,18,000. வாடிக்கையாளர் ஒரு லட்சத்தின் மேல் 10 விழுக்காடு டிடிஎஸ் பிடித்துக்கொண்டு 1,08,000 அனுப்புகிறார். இன்வாய்ஸில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டப்பட்டிருந்தால் அதன் மேல் டிடிஎஸ் கிடையாது. அதனால்தான் 10,000, 11,800 அல்ல. டூலில் டிடிஎஸ்-க்கு இடமில்லை என்றால் ஏஜென்ட் முன்னால் இரண்டு வழிதான் இருக்கிறது: 10,000 ரூபாயை நிலுவையாக விட்டுவிடுவது, அல்லது ‘தள்ளுபடி’ என்று எழுதி முடித்துவிடுவது. முதலாவது நடந்தால் பார்ட்டிக்கு வீணாக நினைவூட்டல் போகும். இரண்டாவது நடந்தால் நமக்குச் சேர வேண்டிய வரிக் கழிவு கணக்கிலிருந்தே காணாமல் போகும். ஆண்டு முடிவில் வரித்துறை தரும் டிடிஎஸ் அறிக்கையோடு (26ஏஎஸ்) ஒப்பிடும்போதுதான் அது தெரியவரும்.

‘இதற்குப் பயன்படுத்தாதே’ என்ற வரியைப் பலர் தேவையில்லாதது என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் விளக்கத்திலேயே முக்கியமான வரி. மாடல் தடுமாறுவது ஒரு டூலுக்குள் அல்ல, ஒன்றுக்கொன்று நெருங்கிய இரண்டு டூல்களுக்கு நடுவில். எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்பதை இரண்டின் விளக்கத்திலும் சொல்ல வேண்டும், அதுவும் மற்ற டூலின் பெயரைக் குறிப்பிட்டே.

தொகை

‘தொகை: எண்’ என்று ஸ்கீமாவில் போட்டுவிட்டால் வடிவம் சரி. பொருள் எங்கே? ரூபாயா பைசாவா? ரேஸர்பே போன்ற பேமெண்ட் கேட்வே ஏபிஐ-களில் தொகை பைசாவில் வரும். கணக்கு மென்பொருளில் ரூபாயில் போகும். இரண்டையும் ஒரே ஏஜென்ட் கையாண்டால், 50,000 பைசாவாக வந்த 500 ரூபாய் ஐம்பதாயிரம் ரூபாயாகப் பதிவாக வழியிருக்கிறது. பாராமீட்டரின் பெயரையே ‘தொகை_ரூபாயில்’ என்று வைப்பது நல்லது. காற்புள்ளி இல்லாமல், இரண்டு தசம இலக்கத்துடன், ‘125000.00’ என்று ஒரு எடுத்துக்காட்டும் தர வேண்டும். ‘1,25,000’ என்று லட்ச முறையில் காற்புள்ளி போட்ட எழுத்துச் சரத்தை எல்லா மென்பொருளும் சரியாக வாங்கிக்கொள்ளும் என்று நம்பக் கூடாது.

அடுத்தது, வரி உள்ளடங்கியதா வெளியே கூட்டுவதா. 11,800 ரூபாய்க்கு இன்வாய்ஸ் போடச் சொன்னால், 18 விழுக்காடு வரி உள்ளடங்கியது என்றால் 10,000-மும் வரி 1,800-மும். வெளியே கூட்டுவது என்றால் 11,800-க்கு மேல் 2,124 ஏறி 13,924 ஆகிவிடும். கடைக்காரர் ‘பதினோராயிரத்து எண்ணூறு’ என்று சொன்னால் பெரும்பாலும் கையில் வாங்கப்போகும் தொகையைத்தான் சொல்கிறார். கணக்கர் சொன்னால் பெரும்பாலும் வரிக்கு முந்தைய மதிப்பைச் சொல்கிறார். இதை மாடல் ஊகிக்கக் கூடாது. ‘வரி_உள்ளடங்கியதா’ என்ற பாராமீட்டரைக் கட்டாயமாக்கி, இயல்புநிலை மதிப்பு எதையும் வைக்காமல், ‘பயனர் தெளிவாகச் சொல்லவில்லை என்றால் கேள்’ என்று எழுதுவதே பாதுகாப்பு.

டாலியோடு எக்ஸ்எம்எல் என்ற தரவு வடிவம் வழியாகப் பேசும் டூல் எழுதுபவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. டாலியின் எக்ஸ்எம்எல்லில் பற்றுத் தொகைக்கு மைனஸ் குறி, வரவுக்குக் குறியில்லை. வாடிக்கையாளர் நமக்கு ஒரு லட்சம் தர வேண்டும் என்றால், இருப்பு -100000.00 என்று வரும். இதை அப்படியே மாடலிடம் கொடுத்தால், ‘நாம் அவருக்கு ஒரு லட்சம் தர வேண்டும்’ என்று விளக்கம் சொல்லும். குறியைப் பற்றி விளக்கத்தில் பத்தி எழுதுவதைவிட, டூலே குறியை நீக்கி, ‘தொகை 100000.00, பக்கம் பற்று’ என்று இரண்டு புலங்களாகப் பிரித்துத் திருப்பித் தருவது மேல். மாடலுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய ஒன்றை டூலே சரிசெய்துவிட முடிந்தால், எப்போதும் அதைத்தான் செய்ய வேண்டும்.

இதே கொள்கைதான் ஜிஎஸ்டிக்கும். சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி, ஐஜிஎஸ்டி ஆகியவற்றில் எது என்பதை மாடலிடம் கேட்கும் பாராமீட்டரே இருக்கக் கூடாது. விற்பவரின் மாநிலமும் சப்ளை நடக்கும் இடமும் தெரிந்தால், டூலை உள்ளே ஓட்டும் சர்வரே முடிவு செய்துவிடலாம். ஜிஎஸ்டி எண்ணின் 15 எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு: தமிழ்நாடு 33, புதுச்சேரி 34, கேரளம் 32, கர்நாடகம் 29. சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் சரக்கு போனால், எல்லை தாண்டுவதால் அது ஐஜிஎஸ்டி. மாடலிடம் விட்டால், பக்கத்து ஊர் என்ற பொதுஅறிவில் அது தவற வாய்ப்புண்டு. இன்வாய்ஸ் எண்ணும் இப்படித்தான். நிதியாண்டுக்குள் தொடர் எண்ணாக, 16 எழுத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த எண்ணைக் கொடுக்கும் உரிமை மென்பொருளிடமே இருக்கட்டும். பாராமீட்டராக அதைத் திறந்துவைத்தால் ஏஜென்ட் தானாக ஒன்றைக் கற்பனை செய்துவிடும்.

தேதி

03/04/2025 என்றால் ஏப்ரல் 3. அமெரிக்க முறையில் படித்தால் மார்ச் 4. பல தேதிகளில் இது வெறும் மாதக் குழப்பம். இப்படி மார்ச் 31-க்கு இரண்டு பக்கமும் விழும் தேதிகளில் நிதியாண்டே மாறிவிடுகிறது; ஒன்று 2025-26, மற்றொன்று 2024-25. தேதி பாராமீட்டரின் விளக்கத்தில் ஆண்டு-மாதம்-நாள் வரிசை, எடுத்துக்காட்டாக 2025-04-03 என்று எழுதி, ஸ்கீமாவிலும் அந்த வடிவத்தைக் கட்டாயமாக்க வேண்டும். டாலிக்கு உள்ளே 20250403 என்று போக வேண்டுமே என்றால், அந்த மாற்றத்தை டூல் செய்துகொள்ளட்டும்.

அறிக்கை எடுக்கும் டூல்களில் ‘முதல் காலாண்டு’ என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை என்று வெளிப்படையாக எழுதுங்கள். எழுதாவிட்டால் ஜனவரி முதல் மார்ச் வரை எடுத்துக் கொடுக்கும். இன்றைய தேதியும் மாடலுக்குத் தானாகத் தெரியாது. ‘போன மாசம்’ என்பதைக் கணக்கிட, இன்றைய தேதியைத் தரும் டூல் ஒன்று வேண்டும். அல்லது அமைப்புச் செய்தியில், அதாவது மாடலுக்கு முன்கூட்டியே தரும் அறிவுறுத்தலில் தேதி இருக்க வேண்டும்.

திருத்துவதும் அழிப்பதும்

புதிதாகப் பதிவதைவிட, இருப்பதை மாற்றும் டூல்களில்தான் சேதம் அதிகம். குவிக்புக்ஸ் ஏபிஐ-யில் முழுத் திருத்தம் என்று ஒன்று உண்டு. அதில் நீங்கள் அனுப்பாத புலங்கள் எல்லாம் வெறுமையாக்கப்படும். கொடுத்த புலங்களை மட்டும் மாற்ற வேண்டும் என்றால் ‘ஸ்பார்ஸ்’ திருத்தம் என்று தனியே சொல்ல வேண்டும். ஸீரோவில் இன்வாய்ஸைத் திருத்தும்போது வரிசைகளை அனுப்பினால், அனுப்பாத பழைய வரிசைகள் நீக்கப்படும். ‘மூணாவது ஐட்டத்தோட ரேட்டை மாத்து’ என்று சொன்னதற்கு, ஏஜென்ட் அந்த ஒரு வரிசையை மட்டும் அனுப்பினால், இன்வாய்ஸில் மிஞ்சுவது அந்த ஒரு வரிசைதான்.

விளக்கத்தில் ‘எல்லா வரிசைகளையும் அவற்றின் ஐடியுடன் திரும்ப அனுப்பு, முதலில் கெட்_இன்வாய்ஸ் இயக்கிப் படித்துக்கொள்’ என்று எழுதலாம். அதைவிட நல்லது, ‘அப்டேட்_இன்வாய்ஸ்’ என்ற பெரிய டூலைத் தராமல், கெடுதேதியை மாற்ற ஒன்று, ஒரு வரிசையின் விலையை மாற்ற ஒன்று என்று குறுகிய டூல்களாகத் தருவது. உள்ளே படிப்பதும் சேர்ப்பதும் அனுப்புவதும் சர்வரின் வேலை.

அழிப்பதில் இன்னும் கவனம் வேண்டும். ‘அந்த இன்வாய்ஸை எடுத்துடு’ என்று சொல்வதற்குள் நான்கு வெவ்வேறு செயல்கள் ஒளிந்திருக்கின்றன. டிராஃப்ட்டை அழிப்பது. ஏறிவிட்ட இன்வாய்ஸை எண்ணோடு வைத்துக்கொண்டு ரத்து செய்வது. கிரெடிட் நோட் போடுவது. வராக்கடனாக எழுதித் தள்ளுவது. டாலியில் ஆல்ட்+டி அழுத்தினால் வவுச்சரே இருக்காது. ஆல்ட்+எக்ஸ் அழுத்தினால் எண் அப்படியே நிற்கும், தொகை மட்டும் போய்விடும். ஸீரோவில் டிராஃப்ட்டை அழிக்கலாம். ஒப்புதல் பெற்றதை ‘வாய்ட்’ மட்டும்தான் செய்ய முடியும்.

அரசின் போர்ட்டலில் பதிவாகும் இ-இன்வாய்ஸ் வந்துவிட்டால் கதை வேறு. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் அது கட்டாயம். போர்ட்டலில் ஐஆர்என் என்ற பதிவு எண்ணை வாங்கிய 24 மணி நேரத்துக்குள்தான் அங்கே ரத்து செய்ய முடியும். நடப்பில் உள்ள இ-வே பில் அதோடு இணைந்திருந்தால் அதுவும் முடியாது. ரத்து செய்த இன்வாய்ஸின் எண்ணை வைத்து மறுபடி ஐஆர்என் வாங்கவும் முடியாது. ஆகவே கணக்கு மென்பொருளுக்குள் மட்டும் ரத்து செய்யும் டூல், போர்ட்டலில் உயிரோடு இருக்கும் ஒரு இன்வாய்ஸை நம் புத்தகத்தில் இல்லாமல் செய்துவிடும். அந்த ரத்து டூலின் விளக்கத்தில் இந்த வரிசை இருக்க வேண்டும்: ஐஆர்என் இல்லையா, விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1-லும் போகவில்லையா, இந்த டூலைப் பயன்படுத்து. ஐஆர்என் இருந்து 24 மணி நேரம் ஆகவில்லையா, ‘கேன்சல்_இ_இன்வாய்ஸ்’. நேரம் கடந்துவிட்டதா, அல்லது ஜிஎஸ்டிஆர்-1-ல் போய்விட்டதா, இங்கே எதுவும் செய்யாதே. ‘டிராஃப்ட்_கிரெடிட்_நோட்’ மூலம் வரைவு போட்டுப் பயனரிடம் காட்டு. ஜிஎஸ்டியைக் குறைக்கும் கிரெடிட் நோட்டுக்கும், நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 அல்லது ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்த நாள், இரண்டில் முந்தியது எதுவோ அதுவே எல்லை. அதையும் சர்வரே சரிபார்த்துத் தடுக்கட்டும்.

2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தையும் பதிந்துவைக்கும் தணிக்கைத் தடம் இருந்தாக வேண்டும், அதை அணைக்கவும் முடியக் கூடாது. ஏஜென்ட் செய்யும் வேலையும் அந்தத் தடத்தில் ஏறும். அது மேலாளரின் பெயரில் ஏறினால், ஆடிட்டர் கேட்கும்போது யார் செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஏஜென்ட்டுக்குத் தனிப் பயனர் கணக்கு வைப்பது டூல் எழுதுவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை.

பிழைச் செய்தியும் விளக்கம்தான்

மாடல் டூல் விளக்கத்தைப் படிப்பது போலவே பிழைச் செய்தியையும் படித்து, அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கிறது. ‘400, தவறான கோரிக்கை’ என்று மட்டும் திரும்பி வந்தால், பாராமீட்டர்களை மாற்றி மாற்றி முயன்று பார்க்கும். கணக்கில் இது ஆபத்து. மார்ச் 31 வரை கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது என்பதால் ஒரு கொள்முதல் பில் ஏறவில்லை என்றால், ஏஜென்ட் தேதியை ஏப்ரல் 1 என்று மாற்றிப் போட்டுவிட்டு ‘பதிவு செய்துவிட்டேன்’ என்று சொல்லும். அதன் பார்வையில் தடை நீங்கிவிட்டது. செலவு அடுத்த ஆண்டுக்குப் போய்விட்டது என்பது யாருக்கும் தெரியாது. ‘கேட்ட தேதி 2025-03-28. 2025-03-31 வரை கணக்கு பூட்டப்பட்டுள்ளது. தேதியை மாற்றி முயலாதே. பூட்டைத் திறக்க வேண்டுமா என்று பயனரிடம் கேள்’ என்று செய்தி வந்தால் நின்றுவிடும்.

லெட்ஜர் கிடைக்காத பிழையும் இதே வகை. டாலியில் லெட்ஜரை அதன் பெயரைக் கொண்டே தேடுகிறோம். எழுத்து மாறினால் கிடைக்காது. ‘டெலிபோன் செலவு’ என்று தேடிக் கிடைக்காமல், ‘தொலைபேசிக் கட்டணம்’ என்று ஏற்கெனவே இருப்பது தெரியாமல், ஏஜென்ட் புதிய லெட்ஜரைத் தொடங்கிவிடும். சில மாதங்களில் ஒரே செலவுக்கு மூன்று தலைப்புகள் நிற்கும். பிழைச் செய்தியிலேயே நெருங்கிய ஐந்து லெட்ஜர் பெயர்களைக் கொடுத்துவிடுங்கள். லெட்ஜர் உருவாக்கும் டூலைத் தனி அனுமதிக்குப் பின்னால் வையுங்கள். பார்ட்டிகளுக்குப் பெயரைவிட ஐடி அல்லது ஜிஎஸ்டி எண்தான் நம்பகமான அடையாளம். ஒரே நிறுவனம் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு ஜிஎஸ்டி எண் வைத்திருக்கும் என்பதையும் தேடல் டூலின் விளக்கத்தில் சொல்லிவிட வேண்டும்.

நேரம் கடந்து பதில் வராமல் போகும் பிழை இன்னொரு ரகம். பதில் வரவில்லை என்பதால் பதிவு ஏறவில்லை என்று பொருளில்லை. மறுபடி இயக்கினால் இரட்டைப் பதிவு. ஸீரோவும் குவிக்புக்ஸும் ஒரே கோரிக்கை இரண்டு முறை வந்தால் ஒரு முறை மட்டும் ஏற்க, தனித்த சாவி ஒன்றைக் கோரிக்கையோடு அனுப்ப வழி வைத்திருக்கின்றன. அந்தச் சாவியை டூலே உருவாக்கி வைத்துக்கொண்டு, மறுமுயற்சியிலும் அதையே அனுப்ப வேண்டும். அந்த வசதி இல்லாத இடத்தில், ‘பதில் வராவிட்டால், ரெஃபரன்ஸ் எண்ணைக் கொண்டு தேடிப் பார்த்த பிறகே மறுபடி இயக்கு’ என்று விளக்கத்தில் சேர்க்க வேண்டும்.

பக்கம் பக்கமாக வரும் பட்டியலில் பிழைச் செய்தியே இருக்காது, அதனால்தான் கவனிக்காமல் போகிறது. ஸோஹோ புக்ஸ் இயல்பாக ஒரு பக்கத்துக்கு 200 பதிவுகள் தரும். குவிக்புக்ஸில் நாம் எதுவும் சொல்லாவிட்டால் 100. 640 இன்வாய்ஸ் இருக்கும் கம்பெனியில் முதல் 200-ஐக் கூட்டி ‘மொத்த நிலுவை’ என்று ஏஜென்ட் சொல்லிவிடும். ‘மேலும்_உண்டு’, ‘மொத்த_எண்ணிக்கை’ என்ற புலங்கள் திரும்பும் பதிலில் இருக்க வேண்டும். கூட்டுத்தொகை கேட்கும் கேள்விகளுக்கு, கூட்டித் தரும் தனி அறிக்கை டூலே இருக்கட்டும். மாடலைக் கூட்டல் போடவைக்க எந்த அவசியமும் இல்லை.

விளக்கத்தில் எழுதக் கூடாதவை

வரி விகிதங்களை விளக்கத்தில் எழுதாதீர்கள். 2025 செப்டம்பர் 22 அன்று பெரும்பாலான பொருட்களுக்கு 12, 28 விழுக்காடு அடுக்குகள் போய், 5, 18, 40 என்று ஆனது. ‘ஜிஎஸ்டி விகிதம் 5, 12, 18, 28-ல் ஒன்று’ என்று விளக்கத்தில் எழுதி வைத்திருந்தவர்களின் ஏஜென்ட், மறுநாளும் பழைய விகிதத்திலேயே இன்வாய்ஸ் போட்டிருக்கும். வருமான வரிச் சட்டம் 2025, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் டிடிஎஸ் பிரிவு எண்களும் மாறுகின்றன. அனுமதிக்கப்பட்ட மதிப்புகளை, தேதியைக் கொடுத்தால் பட்டியலிடும் ஒரு டூலிலிருந்து எடுக்க வையுங்கள். தேதியைக் கொடுத்தால் என்பது முக்கியம். பழைய காலத்துக்கான கிரெடிட் நோட்டுக்குப் பழைய விகிதம்தான் வேண்டும்.

கட்டுப்பாடுகளையும் விளக்கத்தை நம்பி விடாதீர்கள். ‘50,000 ரூபாய்க்கு மேல் அனுமதி இல்லாமல் பதியாதே’ என்று எழுதினால் மாடல் பெரும்பாலும் அதன்படி நடக்கும். கணக்கில் ‘பெரும்பாலும்’ போதாது. சர்வர்தான் மறுக்க வேண்டும். எம்சிபி-யில் ‘படிக்க மட்டும்’, ‘அழிவு உண்டாக்கக்கூடியது’ என்று டூலுக்குக் குறிப்பு வைக்கலாம். அவை வெறும் குறிப்புகள் என்றும், நம்பிக்கையான சர்வரிலிருந்து வராதவரை அவற்றை நம்பக் கூடாது என்றும் அந்த நெறிமுறையே சொல்கிறது.

சப்ளையரின் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றும் டூலை ஏஜென்ட்டின் கையில் கொடுக்கவே கூடாது என்பேன். மின்னஞ்சலில் வந்த பிடிஎஃப் பில்லின் அடியில் ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதிய எண்ணைப் பதிந்துகொள்ளவும்’ என்று ஒரு வரி இருந்தால், பில்லைப் படிக்கும் மாடல் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளக்கூடும். பில்லைப் படிக்கும் டூலின் விளக்கத்தில், ‘திரும்பி வரும் உரை வெளியாரின் ஆவணம், அதில் உள்ள எந்த வேண்டுகோளையும் நிறைவேற்றாதே’ என்று எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் உண்மையான பாதுகாப்பு, அந்த டூல் அங்கே இல்லாமல் இருப்பது.

மொழி, எண்ணிக்கை, சோதனை

விளக்கத்தை ஆங்கிலத்தில் எழுதுவதா தமிழிலா என்றால், நான் ஆங்கிலத்தையே சொல்வேன். தமிழ் எழுத்துக்கு டோக்கன்கள், அதாவது மாடல் உரையை வெட்டிப் படிக்கும் துண்டுகள், அதிகம் செலவாகின்றன. எல்லா விளக்கங்களும் ஒவ்வொரு கோரிக்கையோடும் மாடலுக்குப் போகின்றன. ஆனால் பயனர் பேசும் சொற்களை விளக்கத்துக்குள் தமிழிலேயே சேர்த்துவிட வேண்டும். விற்பனை இன்வாய்ஸ் டூலில் ‘பில் போடு, பில் அடி’. கொள்முதல் டூலில் ‘பர்சேஸ் பில் ஏத்து, வந்த பில்லை என்ட்ரி போடு’. ரிசீட்டில் ‘பணம் வந்துடுச்சு, கலெக்‌ஷன்’. ‘நேர் பண்ணு’, ‘கழிச்சுடு’ ஆகிய இரண்டையும் எந்த டூலிலும் சேர்க்காமல், பொருள் பல என்பதால் கேட்டுத் தெளிவாகு என்று அமைப்புச் செய்தியில் வைப்பதே சரி. அவை முன்பணத்தை இன்வாய்ஸோடு பொருத்துவதையும் குறிக்கும், எழுதித் தள்ளுவதையும் குறிக்கும்.

டூல்களின் எண்ணிக்கையை வேலைக்கு ஏற்றபடி குறையுங்கள். நிலுவை வசூலைக் கவனிக்கும் ஏஜென்ட்டுக்குச் சரக்கிருப்பு டூல்கள் எதற்கு? ஒன்றுக்கு மேற்பட்ட கம்பெனிகளின் கணக்கு இருந்தால், எந்தக் கம்பெனி என்பதைப் பாராமீட்டராக விடாமல், உரையாடல் தொடங்கும்போதே பூட்டிவிடுவது நல்லது. ஸோஹோ புக்ஸ் ஒவ்வொரு கோரிக்கையிலும் நிறுவன ஐடி கேட்கிறது. அதை மாடல் நிரப்பும்படி விட்டால், ஒரு கம்பெனியின் பில் இன்னொன்றில் ஏற வழி திறந்துவிடுகிறது.

சோதனைக்கு, கணக்கர்களின் வாயிலிருந்து வந்த வாக்கியங்களையே திரட்டுங்கள். புரோகிராமர் எழுதும் சோதனை வாக்கியம் எப்போதும் டூலின் பெயரையே திருப்பிச் சொல்லும். அதில் தேற எந்த விளக்கமும் தேவையில்லை. டூல் ஒன்றுக்குக் குறைந்தது பத்து வாக்கியங்களாவது இருக்கட்டும். அவற்றில் மூன்று நான்கு அந்த டூலை அழைக்கவே கூடாதவையாக இருக்க வேண்டும். சரியான டூலை எடுத்ததா என்பதோடு நிறுத்தாமல், மாதிரிக் கம்பெனி ஒன்றில் பதிய வைத்து, முன்னும் பின்னும் டிரயல் பேலன்ஸ் (எல்லா லெட்ஜர் இருப்புகளின் பட்டியல்) எடுத்து, எந்த லெட்ஜர் எவ்வளவு நகர்ந்தது என்று எதிர்பார்த்ததோடு ஒப்பிடுங்கள். டூல் சரி, பாராமீட்டர் சரி, ஆனால் ரவுண்ட்-ஆஃப் 40 பைசா தவறான தலைப்புக்குப் போனது போன்றவை அங்கேதான் பிடிபடும். ஒரு டூலின் விளக்கத்தில் ஒரே வரியை மாற்றினாலும் எல்லா டூல்களின் சோதனையையும் மறுபடி ஓட்ட வேண்டும். ரிசீட் டூலில் ‘அட்வான்ஸ்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்ததும், அதுவரை சரியாக வேலை செய்த சப்ளையர் முன்பண வாக்கியங்கள் அந்தப் பக்கம் இழுபட்டுப் போவதை அப்போதுதான் பார்க்க முடியும்.